எவர்சில்வரில் ஒட்டாத மரம்

விடியற்காலைப் பனியில் வேலப்பனும் காளியண்ணனும் எவர்சில்வர் மேசையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் ரேகைகள் தேய்ந்துவிட்டன. மேசை மட்டும் முகம் பார்க்கிற மாதிரியே மினுங்கியது. இருவரும் தானா ராத்தா மலைத்தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து வாட்டுகிறவர்கள். ஷிஃப்டைக் குறைத்து, சுற்றுலாக்காரர்கள் டீ குடிக்கப்போகும் கடையில் தச்சு வேலைக்கு விட்டிருந்தார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு மரம் பிடிக்கும். மரத்துக்குச் செலவாகும். ஆகவே எவர்சில்வரின் மேல் மரம்போல் அச்சடித்த ஃபார்மைக்கா.

மேனேஜர் ஹரிதாஸ் வந்து, நேற்று ஒட்டியதை நகத்தால் நெம்பினார். பாம்புச் சட்டைபோல் உரிந்து வந்தது.

"என்னய்யா இது?"

"வழுக்குற சாமான் தொரை," என்றான் வேலப்பன். "வெள்ளைக் கம் புடிக்காது. ரெண்டு டியூப் கலக்குற கம் போட்டு ஒரு நாள் பாரம் வைக்கணும்னு டவுன்ல கடைக்காரன் சொன்னான்."

"நாளைக்குத் திறப்பு விழா லா. மஞ்ச டின் பசை இருக்கு. தடவு, காயவை, அமுக்கு."

"பெட்ரோல் மாதிரி வாடை, தலைய சுத்துது. ஜன்னல தொறந்தா..."

"வெளிய டூரிஸ்டு போட்டோ எடுக்குறான். நாத்தம் போவும். சாத்து."

சாத்தினார்கள். பனி ஈரத்தில் பசை வெளுத்துப் பூத்தது, காயவில்லை. கொழுந்து காயாவிட்டால் என்ன செய்வார்கள்? மூடிய அறையில் சூட்டுக்காற்று விடுவார்கள். கைப்பழக்கம். காளியண்ணன் ஹீட்டரைத் தள்ளிவந்தான். வேலப்பன் சுவிட்சைப் போட்டான்.

காற்றே தீப்பிடித்தது. எவர்சில்வரில் ஒட்ட மாட்டேன் என்ற பசை, காளியண்ணனின் முகத்திலும் கையிலும் பிரமாதமாக ஒட்டிக்கொண்டு எரிந்தது. வேலப்பன் சாக்கைப் போட்டு அமுக்கினான். சாக்கை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது.

காளியண்ணனை ஏற்றிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு லோரி போனதும் ஹரிதாஸ் வேலப்பனைக் கடைக்குள் இழுத்தார்.

"அவன் உள்ள சிகரெட் குடிச்சான்னு சொல்லிடு. நாளையிலேர்ந்து நீதான் இங்க ஆளுங்களுக்கெல்லாம் மண்டோர், மேஸ்திரி சம்பளம்."

"சொன்னா அவனைத் தோட்டத்து லைன் வீட்டுலேர்ந்து வெரட்டிருவீங்க."

"சொல்லாட்டி உன்னை வெரட்டுவேன்."

சுவிட்சைப் போட்ட விரல் வேலப்பனுக்கு இன்னும் எரிந்தது.

"சுவிட்ச போட்டது நான். ஜன்னல சாத்தச் சொன்னது நீங்க. ரெண்டையும் சேர்த்தே சொல்லுவேன்."

ஹரிதாஸ் உரிந்து கிடந்த ஃபார்மைக்காத் துண்டை எடுத்து விளாசினார். அதன் விளிம்பு வேலப்பனின் காதைக் கிழித்தது. மறு வீச்சுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. வாசலில் காளியண்ணனின் மனைவி உமாதேவி நின்றிருந்தாள். புருஷனின் கருகிய சட்டை அவள் கையில். பின்னால் கொழுந்துச் சாக்குகளோடு மலையிலிருந்து இறங்கிய கூட்டம். தமிழர்களுடன் பேசக்கூடாது என்று தனி லைனில் வைத்திருந்த வங்காளதேசத்துக்காரர்களும் அதில் இருந்தார்கள்.

"அடிங்க தொரை," என்றாள் உமாதேவி. "நிறுத்திட்டீங்களே."

"கூட்டம் போடாதீங்க. ஒவ்வொருத்தரா ஆபிசுக்கு வாங்க, பேசலாம்."

"ஒவ்வொருத்தராவா? நாங்க என்ன வரிசையில நின்னு சாமி கும்புடவா வர்றோம்?"

யாரோ சிரித்தார்கள். ஹரிதாஸ் சிரித்தவனைத் தேடினார். அதற்குள் சிரிப்பு வங்காளிகள் பக்கத்திலும் கேட்டது.

வேலப்பன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். உமாதேவி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒருவர் முழங்கையில் மற்றவர் கை கோத்து உட்கார, வாசல் முழுக்க அடைபட்டது. ஹரிதாஸ் ஓரத்திலிருந்தவனின் காலரைப் பிடித்து இழுத்தார். வரிசை மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்தது.

உள்ளே ஃபார்மைக்கா ஒன்று தானாகக் கழன்று தரையில் அறைந்தது. வளைவில் டூரிஸ்டு பஸ் ஹாரன் அடித்தது. நிறுத்துக் கூலி போடாத சாக்குகளில் கொழுந்து சூடேறிக் கெடத் தொடங்கியிருந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.