இரண்டு முறை எடுத்த பெட்டி

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அன்று காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று மெக்கானிக்குகளும் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தார்கள்.

"புரோக்ராமரம்மா, ராத்திரி என்னத்த மாத்தின? ஒரு லிஃப்டும் நிக்கலையே! எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!" என்றார் பெரிய மெக்கானிக்.

"என் கைராசி அப்படிண்ணே," என்று சிரித்தாள் அவள். அப்போது அவளுடைய போன் அடித்தது. தங்கை.

"அக்கா, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். சிவப்பு பட்டன அமுக்கினேன், உங்க ஆபீஸ் பொண்ணு ஆள் வராங்கன்னு சொல்லி ஒன்றரை மணி நேரமாச்சு. சிக்னலே இல்ல, இப்பதான் கிடைச்சுது. லைட்டும் போச்சு. பாப்பா அழுது அழுது ஓஞ்சுட்டா."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அடுத்த அறைக் கதவைத் திறந்து, அழைப்புகளை எடுக்கும் ஆபரேட்டரிடம் கேட்டாள். "காலையில கால் எதுவும் வந்துச்சா?"

"ஏன் வராம? ஏழு வந்துச்சு. ஏழையும் லிஸ்ட்ல ஏத்திட்டேனே!"

அவள் ராத்திரி மாற்றிய வரியைத் திரையில் திறந்தாள்.

கம்ப்யூட்டருக்குள் அந்த லிஸ்ட் பெட்டிகளால் ஆன சங்கிலி. ஒவ்வொரு அழைப்பும் ஒரு பெட்டி. அடுத்த பெட்டி எங்கே என்ற சீட்டு ஒவ்வொன்றிலும் இருக்கும். முதல் பெட்டியைக் கழற்றி மெக்கானிக்குக்கு அனுப்ப மேக்ரோ என்ற சுருக்கக் கட்டளை ஒன்றை எழுதியிருந்தாள். மேக்ரோ யோசிக்காது. அடைப்புக்குறிக்குள் எழுதியதை, தனக்குள் இருக்கும் காலி இடங்களிலெல்லாம் அப்படியே ஒட்டிவிடும். இதில் காலி இடம் இரண்டு: 'பெட்டி இருக்கிறதா?' என்று பார்க்க ஒன்று, அனுப்ப ஒன்று. முன்பெல்லாம் பெட்டியைத் தனியாகக் கழற்றி, அதன் பெயரை மட்டும் உள்ளே தருவாள். நேற்று இரண்டு வரியை ஒரே வரியாக்கும் ஆசையில், 'முதல் பெட்டியைக் கழற்று' என்பதையே உள்ளே எழுதிவிட்டாள்.

ஆகவே கழற்றல் இரண்டு முறை நடந்தது. முதலில் வந்த பெட்டியை மேக்ரோ பார்த்தது, விட்டுவிட்டது. அழைப்புகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன; இரண்டாவது முறை கழற்றச் சங்கிலியில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததையே அனுப்பியது.

"அண்ணே, லிஃப்ட் நிக்காம இல்ல. ஏழு கால் வந்திருக்கு, நான்தான் தொலைச்சுட்டேன்."

மூவரும் எழுந்துவிட்டார்கள். "எங்கெங்க நின்னுச்சு?"

சங்கிலியில் தேடிப் பயனில்லை. கழன்ற பெட்டிக்குப் போகும் சீட்டு எதிலும் இல்லை. ஆனால் அழைப்புகளுக்கென்று இருநூறு பெட்டிகளை அவள் முன்கூட்டியே ஒரே வரிசையில் அடுக்கி வைத்திருந்தாள். சங்கிலியிலிருந்து அறுந்தாலும் பெட்டி இருந்த இடத்தில்தான் இருக்கும். நாலு வரி தட்டினாள். அடுக்கை ஒன்றொன்றாகத் திறந்து, அனுப்பப்படாத ஏழு முகவரிகளையும் வந்த நேரப்படி பிரிண்டர் துப்பியது. முதல் அழைப்பு எட்டு பத்துக்கு. இப்போது மணி பன்னிரண்டு.

பெரிய மெக்கானிக் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். நான்காவது முகவரி அவருக்கும் தெரியும்.

"ஆள் மூணு பேர்தான் இருக்கோம். தங்கச்சி வீட்டுக்கு முதல்ல ஒருத்தன் போகட்டுமா?"

அவள் தாளின் முதல் வரியைப் பார்த்தாள். எட்டு பத்திலிருந்து இருட்டில் நிற்பது யாரென்று தாளில் இல்லை.

"வந்த வரிசைப்படியே போங்கண்ணே."

ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார்கள். போனில் தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் எத்தனாவதுக்கா?"

"நாலாவது," என்றாள் அவள்.