அடுத்தது இன்னா போடுறது?

"தண்ணி வோணுமா?" என்று கேட்க ஜீனத் கணவன் மஜீதின் காதருகே குனிந்தாள். அதற்குள் அவனுடைய அண்ணன் பஷீர் மச்சான் குறுக்கே கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"கேக்காதம்மா. நீ ஒண்ணு கேட்டா அவன் ஒண்ணு சொல்வான். கலிமா சொன்ன வாயி. அப்படியே வுட்டுடு."

காலையில் சுபுஹு தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து மஜீதின் தலைமாட்டில் உட்கார்ந்து, அல்லாஹ் ஒருவனே என்று சாட்சி சொல்லும் கலிமாவை மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். மஜீது கண்ணைத் திறந்து பிசிறில்லாமல் ஒருமுறை சொன்னான். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கே ஆளனுப்பி இழுத்துப் போகவேண்டிய தம்பி அவன். பஷீர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். போகிறவனுக்குக் கடைசிப் பேச்சு அதுவாக இருக்கட்டும், வேறு ஏதாவது பேசிவிட்டால் மறுபடி சொல்ல வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஹஜ்ரத் போனார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அதைச் சட்டமாக்கியது பஷீர்.

ஜீனத்துக்கும் அதுதான் ஆசை. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பத்து நாளாக அவள் துஆ கேட்டதெல்லாம் இந்த ஒன்றைத்தான். உயிரைக் கேட்கும் தைரியம் அவளுக்கு முதல் நாளே போய்விட்டது. ஆனால் கலிமாவோடு முடிப்பது என்றால் பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவனிடம் கடைசி நாளில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது, தடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மஜீதின் கண்கள் மட்டும் அவள் போகுமிடமெல்லாம் கூடவே வந்தன. பிள்ளை இல்லாத வீடு. பார்ப்பதற்கு அவனுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

மதியம் லுஹர் பாங்கு சொன்னதும் பஷீர் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். வாசலில் நின்று, "ஜாக்கிரத" என்று வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அறையில் இரண்டு பேர் மட்டும். ஃபேன் ஓடியும் புழுங்கியது. மஜீது அவளையே பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குத் தாங்கவில்லை. ஏதாவது பேசு என்று கெஞ்சுகிற பார்வையாக அவளுக்குப் பட்டது. வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்று பொய் சொல்வான். பயமா இருக்கா என்று கேட்க அவளுக்கே பயம். இத்தனை வருடத்தில் எப்போது கேட்டாலும் அவன் முகம் மலர்ந்து பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அது கார் பற்றியது. கப்பலில் உப்புத்தண்ணீர் குடித்து, ஆளில்லாமல் துறைமுகத்தில் கிடந்து, ஏலத்துக்கு வந்த எட்டு சிலிண்டர் மஸ்டாங். ஆட்டோமேட்டிக். தொழிலுக்கு இருந்த இரண்டு டிரெய்லர் லாரியில் ஒன்றை விற்று அதை எடுத்தான். தோஸ்து தப்ரேஸின் பட்டறையில் வைத்து ஒவ்வொன்றாக மாற்றினார்கள். புகைக்குழாய், காற்று இழுக்கும் பெட்டி, கம்ப்யூட்டர். ஐந்நூறு குதிரை சக்தி என்று பீற்றிக்கொள்வான். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ஒரு குதிரையும் ஓடிப் பார்த்ததில்லை. ஒன்று மாட்டி முடித்த ராத்திரியே அடுத்ததற்குத் தூக்கம் கெடும். ஜீனத் சோறு போட்டுக்கொண்டே கிண்டலாகக் கேட்பாள். அவன் கிண்டலைக் கவனிக்காமல் அரை மணி நேரம் விளக்குவான். இப்போது நாலு மாதமாகத் தப்ரேஸோடு வாக்குவாதம். சூப்பர்சார்ஜர் போட்டு இன்னும் வேகம் ஏற்றலாம் என்பது தப்ரேஸ் கட்சி. இவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அடுத்தது இன்னா போடப் போறீங்க?"

கேட்டது அவள்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

மஜீதின் முகத்தில் பத்து நாளாக இல்லாத ஏதோ ஒன்று வந்தது.

"கூலரு" என்றான். "கியர்பாக்ஸுக்கு."

"சூப்பர்சார்ஜர் இல்லியா?"

"அவன் கெடக்கறான்." மூச்சு வாங்கினான். "டிராபிக்ல நின்னுகினே கீது... கியர்பாக்ஸு சூடாவுது. மொதல்ல அத்த பாக்கணும். பவரு அப்பால."

"சரி."

"சின்னது போட்டுடப் போறான். பெருசா போடச் சொல்லு."

அவள் சிரித்தே விட்டாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். அப்போதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு விளங்கியது. காதில் வாய் வைத்து, "லா இலாஹ இல்லல்லாஹ்... சொல்லுங்க, ஒரே ஒரு தபா" என்றாள். அவன் அவளைப் பார்த்தான். உதடு அசையவில்லை. ஸ்பூனில் தண்ணீர் விட்டாள். கடைவாயில் வழிந்தது. மறுபடி சொன்னாள். மறுபடி. எத்தனையாவது தடவையில் அவன் போனான் என்று அவளுக்குத் தெரியாது.

பஷீர் வந்து தம்பியின் கண்களை மூடினார். "அப்பால எதுவும் பேசலியே?" என்றார். ஜீனத்தின் தலை எப்படியோ ஆடியது. இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். நிம்மதியில் அவருக்கு முகமே மாறிப்போயிற்று. அதன்பிறகு வந்தவரிடமெல்லாம், "கலிமாவோட போயிட்டான் என் தம்பி" என்று சொன்னார். யாரிடம் போய் என்ன சொல்வது? சொன்னால் அவனைத்தான் காட்டிக்கொடுத்தது ஆகும்.

மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றிய பிறகுதான் தப்ரேஸ் வந்து சேர்ந்தான். ஜீனத் இருந்த உள்ளறைத் திரைக்கு வெளியே நின்று தேம்பினான்.

"லாரி ரிப்பேருக்குப் போயி மூணு நாளா வெளியூர்ல மாட்டிக்கினேன் அண்ணி. மூஞ்சியக்கூடப் பாக்க முடியாம பூட்ச்சே."

திரைக்குப் பின்னாலிருந்து ஜீனத் சொன்னாள். "கூலர்தான் போடணுமாம். பெருசா."

அழுகை நின்றது. "எப்ப சொன்னான்?"

அவள் பதில் சொல்வதற்குள் பஷீரின் குரல் பக்கத்திலேயே கேட்டது. "இன்னாம்மா அது? எப்ப பேசினான்?"

ஜீனத் திரையைப் பிடித்துக்கொண்டாள்.

"முந்தாநேத்து, பாய்" என்றான் தப்ரேஸ். "நானும் கூடத்தான் இருந்தேன்."

மூணு நாளா வெளியூர்ல என்று அவன் தேம்பியது பஷீரின் காதிலும் விழுந்திருந்தது. அவர் திரையைப் பார்த்தார். பிறகு, "அஸருக்கு நேரமாச்சு. தூக்கலாம், வா" என்றார்.

சந்தூக்குப் பெட்டியை நான்கு பேர் தோளில் ஏற்றினார்கள். பெண்கள் வாசலோடு நின்றார்கள். தெரு முழுக்க ஆண்கள் கலிமாவை உரக்கச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஜன்னல் ஓரம் நின்று ஜீனத்தும் அவர்களோடு சேர்ந்து சொன்னாள். முனையில் துறைமுகத்துக்குத் திரும்பிய ஒரு டிரெய்லரின் சத்தத்தில் அந்தக் குரல்கள் மறைந்துபோயின. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.