சூடானால் இழுக்கும்

"நிக்கிற லாரி மேல ஏன் போற? நேரா போயேன்" என்றாள் ஞானம்மாள் அத்தை.

"நான் போகல அத்தை. வண்டி போகுது."

"உங்கப்பன் தயாளனும் இதத்தான் சொன்னான்."

கிறிஸ்டினா ஸ்டீயரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தாள். பொழிச்சலூர் வீட்டில் அப்பா ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். நான்கு மணிக்கு அடக்கம். இப்போது மணி பன்னிரண்டரை. தம்பி சாவுக்கு வாடகைக் காரில் வரமாட்டேன், அவன் வண்டி வந்தால்தான் வருவேன் என்று கேளம்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்ட அத்தையை அழைத்துப்போக வேறு ஆள் இல்லை. வந்தவளை, வெள்ளைப் புடவையைத் தேடுகிறேன் என்று அத்தை முக்கால் மணி நேரம் வாசலில் நிற்க வைத்தாள்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியபோது வண்டி நேராகத்தான் ஓடியது. வண்டலூர் தாண்டியதும் இடப்பக்கம் இழுத்தது. அத்தை வீட்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியபோது மறுபடி நேராக ஓடியது. இப்போது மாம்பாக்கத்தில் மறுபடி இழுக்கிறது.

கிறிஸ்டினாவுக்குத் திருமுடிவாக்கத்தில் வேலை, வண்டி உதிரிபாகங்களை அளந்து சரிபார்த்து அனுப்பும் வேலை. ஒரு கோளாறு வருவதும் போவதுமாக இருந்தால், வரும்போது என்ன இருந்தது, போகும்போது என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். தினமும் மற்றவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது அதுதான்.

சூடு.

புளியமரத்தடியில் ஒரு மெக்கானிக் கடை தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டினாள்.

"என்னடி இது? செத்தவன் காத்துகிட்டிருக்கான்."

"பிரேக் சரியில்ல அத்தை. ரெண்டு பேரும் போய்ச் சேரணும்ல."

கடைக்காரர் துரை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னா மேடம், இழுக்குதா? அலைன்மெண்டு பாத்தீங்களா?"

"ஏழு மாசம் முன்னாடி பாத்தாச்சு. டயரையும் இடம் வலம் மாத்திப் போட்டாச்சு. சூடானா மட்டும் இழுக்குது."

துரை பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி முன்சக்கரங்களில் தெளித்தார். வலப்பக்கம் தண்ணீர் சும்மா வழிந்தது. இடப்பக்கம் சுர்ரென்று ஆவி எழுந்தது.

"லெஃப்டுல பிரேக்கு புட்சிகினே கீது. காலை எடுத்தாலும் வுட மாட்டேங்குது."

இடப்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினார். அசையவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, பிரேக் எண்ணெய் நிப்பிளை ஸ்பானரால் லேசாகத் திருகினார். எண்ணெய் பீச்சியது. சக்கரம் தானாகக் கால் சுற்று நகர்ந்தது.

"ஹோஸ்" என்றாள் கிறிஸ்டினா.

"கரெக்ட்டு. உள்ள ரப்பர் ஊதிக்கீது. வெளிய பாத்தா புதுசாட்டம் தெரியும்."

அத்தை கண்ணாடியை இறக்கினாள். "என்னவாம்?"

"பிரேக்க மிதிச்சா எண்ணெய் இந்த ஹோஸ் வழியாத்தான் சக்கரத்துக்குப் போகும் அத்தை. நாம மிதிக்கிற பலத்துல உள்ள போயிடும். காலை எடுத்தா திரும்பி வர அந்தப் பலம் இல்ல, ஊதின ரப்பர் அடைச்சுக்குது. அதனால ஒரு பக்கம் மட்டும் பிடிச்சுகிட்டே ஓடும். ஓட ஓடச் சூடாகும், சூடானா இன்னும் பிடிக்கும். நிறுத்தி ஆறவிட்டா கொஞ்ச கொஞ்சமா விட்டுடும்."

ஆறவிட்டா என்று சொன்னது அவளுக்கே உறைத்தது.

ஏழு மாதம் முன்பு, வண்டி இழுக்கிறது என்று அப்பா சொன்னதற்காகப் போன சக்கர அலைன்மெண்ட் கடையில் இரண்டு மணி நேரம் வரிசை. வண்டி நன்றாக ஆறிப்போயிருந்தது. பார்த்தவர்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அதற்கு முந்தைய வருடம் அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்து தேறியிருந்தது. "வண்டி இழுக்கலப்பா. உங்க வலது கைதான் விட்டுடுது" என்று சொல்லிச் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஞாயிறுதோறும் கேளம்பாக்கம் கோயிலுக்குப் போய் ஆர்கன் வாசிப்பவர் அதோடு நின்றுபோனார்.

"ஒரே ஒரு தடவ கேளம்பாக்கம் வரைக்கும் எங்கூட வந்து பாரு" என்று கேட்டார். மூன்று முறையோ நான்கு முறையோ. அவளுக்கு எல்லா ஞாயிறும் வேலை இருந்தது.

போன் அடித்தது. வீட்டில் காரியங்களைக் கவனித்துக்கொண்டிருந்த கணவன் பிரசன்னா. "எங்க இருக்க? பெட்டி வந்தாச்சு. ஆயர் மூணு மணிக்கே வந்துடுவாராம். எல்லாரும் என்னைக் கேக்குறாங்க."

"மாம்பாக்கம். வண்டி ரிப்பேர்."

"இன்னிக்கா? அந்த வண்டிய வித்துடுன்னு எத்தன தடவ சொன்னேன்."

துரை எதிர்க்கடையிலிருந்து புது ஹோஸ் வாங்கி மாட்டினார். அவள் பெடலை மிதித்து மிதித்து விட, பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றினார். கழற்றிய, கிரீஸ் படிந்த ஹோஸைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு முனையில் வாயை வைத்து ஊதினாள். கன்னம் வலித்தது, மறுமுனையில் காற்று வரவில்லை.

"ஹோஸ போயி ஊதிகினு" என்று சிரிக்கப்போன துரை, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து ஸ்பானரைத் துடைத்தார்.

வண்டலூர் வந்தது, தாம்பரம் வந்தது. ஸ்டீயரிங் நடுவில் நேராக நின்றது. அவள் கைதான் பழக்கத்தில் வலப்பக்கம் இழுத்து இழுத்துத் திருத்திக்கொண்டிருந்தது.

"சொன்னான்ல" என்றாள் அத்தை.

"சொன்னாரு அத்தை."

"எங்கிட்டயும் சொன்னான். நானும் வயசாயிடுச்சுடான்னுதான் சொன்னேன்."

பொழிச்சலூரில் தெருவே நிறைந்திருந்தது. அப்பாவை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, நெஞ்சின்மேல் வேதாகமம், அதன்மேல் இரண்டு கைகளும்.

"அலைன்மெண்ட்தானா?" என்றான் பிரசன்னா தாழ்ந்த குரலில்.

"இல்ல."

"அப்புறம்?"

"வண்டிதான் இழுத்துது" என்றாள்.

அப்பாவின் வலது கை வேதாகமத்திலிருந்து சற்றுச் சரிந்திருந்தது. குனிந்து அதை எடுத்து மேலே வைத்தாள். சட்டையின் கைப்பட்டியை இழுத்துச் சரிசெய்தாள். கையை எடுத்தபோது வெள்ளைத் துணியில் அவள் விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன.

சித்தி மகள் ரோஸி பதறிப்போய் ஈரத்துணியோடு வந்தாள். "அக்கா, கிரீஸ். இரு, துடைச்சுடறேன்."

"இருக்கட்டும் ரோஸி" என்றாள் கிறிஸ்டினா.

ஆயர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.