மியூசியச் சுவரில் ஒரு மஞ்சள் வட்டம்

மோகனப்ரியாவைப் பெண் பார்க்க இதுவரை மூன்று பேர் வந்து, பஜ்ஜி தின்று, போய்விட்டார்கள். நாலாவது ஆளான விமல்ராஜ் கொஞ்சம் நாகரிகமாக, ஒரகடம் பக்கம் புதிதாகத் திறந்த மியூசியத்துக்கு வரச் சொல்லியிருந்தான். நைட் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி கழிப்பறையிலேயே சுடிதார் மாற்றிக்கொண்டு நேராக வந்தாள். கொண்டையில் செருகியிருந்த மஞ்சள் மெழுகுப் பென்சிலை எடுக்க மறந்துவிட்டாள். கம்பெனியில் கார் கதவில் கீறலோ இடைவெளியோ தெரிந்தால் அதைச் சுற்றி வட்டம் போடும் பென்சில் அது. ராத்திரி முழுக்க நின்றபடி நானூறு கதவு பார்த்திருந்தாள்.

உள்ளே வைத்திருந்த பழைய இயந்திரங்களை யாரும் சீந்தவில்லை. எல்லோரும் கட்டடத்தைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். பூசாத கான்கிரீட், தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, வளைந்து வளைந்து போகும் வெள்ளை அலுமினியத் தகட்டுச் சுவர். தானே கட்டியதுபோல விமல்ராஜ் விளக்கிக்கொண்டு வந்தான். கெட்டவனாகத் தெரியவில்லை. குரலும் மெதுவான குரல், அதுதான் வம்பு, அவளுக்குத் தூக்கத்தில் கண் சொக்கியது. இவனாவது அமைந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. ஆட்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போவது அவளுக்கு அவ்வளவு அலுத்துவிட்டது.

“கல்யாணத்துக்கு அப்புறமும் நைட் ஷிப்ட் போவீங்களா? அம்மா கேக்கச் சொன்னாங்க.”

“உங்களுக்கு இன்னா தோணுது?”

அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். அவள் விரல்கள் தம் போக்கில் சுவரைத் தடவின. இரண்டு தகடுகள் சேருமிடத்தில் ஒன்று மயிரிழை தூக்கியிருந்தது. கை கொண்டைக்குப் போயிற்று. கண் பாதி மூடியபடியே, அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

“யம்மா! இன்னாம்மா பண்ணிகினு கீறே?” காவலாளி ஓடிவந்தார். அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். “யாரு கூட வந்தே நீ?”

அவள் விமல்ராஜைப் பார்த்தாள். அவன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

“தனியாத்தான் வந்தேன்,” என்றாள். அவமானமாக இருந்தது. அதைவிடக் கால் வலித்தது. துப்பட்டா நுனியால் தேய்த்தாள். மெழுகு இழுவிக்கொண்டு வட்டம் இன்னும் பெரிதாயிற்று.

“ஈரத்துணி வச்சித் தொடைம்மா,” என்றார் காவலாளி, கொஞ்சம் குரல் இறங்கி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தோட்டத்துக் குழாயடியில் விமல்ராஜ் குனிந்து நின்றான். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முகம் கழுவுகிறானா, கைக்குட்டையை நனைக்கிறானா என்று இங்கிருந்து தெரியவில்லை. மோகனப்ரியா தேய்ப்பதை நிறுத்திவிட்டு, தூக்கியிருந்த அந்தத் தகட்டு விளிம்பிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.