பாதம் துடைத்த துண்டுகள்

"அந்த ஆளு கால் பட்ட தாம்பாளத்துல எங்க வீட்டுக்காரரும் கால நீட்டணுமா பாதர்?" அமலோற்பவத்தின் குரல் கோயில் பின்னறையைத் தாண்டி, புனேயை ஒட்டிய தேஹு ரோடு ஸ்டேஷன் ஆட்டோக்காரர்கள் வரைக்கும் போயிருக்கும்.

பெரிய வியாழன். மாலைப் பூசையில், சேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவ வேண்டும். யார் யார் என்பதை இத்தனை வருஷமும் தமிழ்ச் சபைத் தலைவர் ஆரோக்கியசாமிதான் முடிவு செய்வார். அமலோற்பவத்தின் புருஷன். புதிதாக வந்த மங்களூர்ச் சாமியார், விவரம் புரியாமல், ராணுவ டிப்போவில் கூட்டிப் பெருக்கி ஓய்வுபெற்ற இன்னாசியையும் கூப்பிட்டுத் தொலைத்துவிட்டார்.

இன்னாசியின் மனைவி செல்வமேரி அங்கேயேதான் துண்டுகளை மடித்துக்கொண்டு நின்றாள். பாதம் துடைத்த துண்டுகளை வருஷாவருஷம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, இஸ்திரி போட்டுத் தருவது அவள். சபையாரின் கால் அழுக்கு அவள் கைக்குப் போகலாம். அதற்கு யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை.

"ஊர்ல இருந்து மச்சினமாரு வந்திருக்காக மேரி, பாத்தா என்ன நெனப்பாக?" என்றார் ஆரோக்கியசாமி, பாசம்போல. "இன்னாசிக்குச் சுகர் இருக்குல்ல? கால்ல புண்ணுன்னு சொல்லிருவோம்."

"அவுக கால்ல புண்ணு இல்லீங்களேய்யா."

"இருக்குன்னு சொன்னா கொறஞ்சா போயிருவ?"

செல்வமேரி சாமியாரைப் பார்த்தாள். "சேசு யூதாசு காலயும் கழுவுனாருன்னு நீங்கதான சொன்னீங்க பாதர்?"

"அடுத்த வருஷம் பாப்போம் பெஹன்," என்று இந்தியில் தங்கை முறை சொன்னார் அவர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

வெளியே குழாயடியில் இன்னாசி குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியசாமியே போய் விஷயத்தைச் சொன்னார்.

"புண்ணா? சரிங்கய்யா," என்ற இன்னாசி, பொய்க்குத் துணையாக லேசாக நொண்டியபடி போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். செல்வமேரிக்கு அந்த நொண்டல்தான் பொறுக்கவில்லை.

பன்னிரண்டாவது நாற்காலிக்கு வாகடில் ஐ.டி. கம்பெனி வேலையிலிருந்த ஆரோக்கியசாமியின் மகன் பிரான்சிஸ் வரவழைக்கப்பட்டான். சாமியார் முத்தமிடக் குனிந்தபோதும் அவன் கண் போனில் இருந்தது. எல்லாரும் ஒரே பந்தியில் அமர வேண்டும் என்று ஆரோக்கியசாமி மன்றாட்டு வாசித்தார்.

பூசை முடிந்ததும் அமலோற்பவம் ஈரத் துண்டுகளை நீட்டினாள். "இந்தா மேரி."

செல்வமேரி கையை நீட்டவில்லை. "எங்க வீட்டுத் தண்ணியில இத நனைக்க முடியாதுக்கா."

வாசலில் இன்னாசி இன்னும் நொண்டிக்கொண்டிருந்தார். "யாரும் பாக்கல. நேரா நடங்க," என்றாள் செல்வமேரி.

ஜூனில் சாமியார் மாற்றலாகிப் போனார். செல்வமேரியும் இன்னாசியும் மகள் எஸ்தரோடு புனேயின் மறுகோடியில் மகர்பட்டா பக்கம் குடிபோய்விட்டார்கள். இப்போது மராத்திப் பூசைக்குப் போகிறார்களாம். இங்கே துண்டு துவைக்க ஆள் கிடைக்காமல், பாதம் துடைக்கக் காகிதம் வாங்குகிறார்கள். பிரான்சிஸ், கூட வேலை பார்த்த மராத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். விருந்தில் ஆரோக்கியசாமி மேசை மேசையாகப் போய், பெண் பிராமண வீடு என்பதை ஒருவர் விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "நம்ம வேதத்துல சாதி ஏதுங்க?" என்று சிரித்தார்.