ஜம்பு தாண்டிய நாற்பது அடி

1
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது. 2005 பொங்கலுக்குப் புனே தமிழர்கள் போட்ட மலரில், என் பக்கத்து வீட்டு ஜம்புவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். 1993 மோட்டோகிராஸ் பந்தயத்தில் மண்மேட்டிலிருந்து பைக்கோடு எழும்பி, நாற்பது அடிப் பள்ளத்தைத் தாண்டிச் சாம்பியன் ஆனான் என்று. (பள்ளத்தில் நின்ற எருமை அண்ணாந்து பார்த்ததாகவும் எழுதினேன். எருமை கற்பனை. அடிக்கணக்கிலும் கொஞ்சம்.)

2
‘புழுதி அடங்கியபோது அந்த மாவீரன்…’

வேண்டாம். மாவீரன் இப்போது புனேயின் சாங்வி மைதானத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டி கற்றுத் தருகிறான். பின்சீட்டைப் பிடித்தபடி நொண்டி நொண்டிக் கூடவே ஓடுகிறான். 98 பந்தயத்தில் விழுந்து உடைந்த முழங்காலுக்குள் எஃகுத் தகடு.

“தாயீ, பிரேக்! பிரேக்! அரே, என் கால் மேல இல்ல!”

3
போன மாதம் அவன் மனைவி பாமா வந்தாள். தையற்காரி; கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

“பழைய சாம்பியன்களுக்கு ஏதோ ரேஸாம். அதே பள்ளமாம். பேர் குடுத்துட்டு வந்துட்டார் சார். இன்னொரு வாட்டி விழுந்தா நடக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

“நான் என்னம்மா பண்ண?”

“நாப்பது அடி தாண்டினவன்டீ நான்னு குதிக்கிறார். நீங்க எழுதினதை அவரே நம்பிட்டார். மாத்தி எழுதுங்க.”

அதற்காகத்தான் இந்தக் கதை.

4
மூவரும் பள்ளத்துக்குப் போனோம். பாமா ஐந்தடி டேப்பால், ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல் கவனமாக அளந்தாள். நான்கு டேப், அதற்குமேல் இரண்டு அடி. இருபத்திரண்டு.

ஜம்பு குனிந்து டேப்பின் எண்ணைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“மழைல கரை இடிஞ்சு பள்ளம் சுருங்கிடுச்சு. இல்ல சார்?”

(கரை இடிந்தால் பள்ளம் அகலமாகத்தான் ஆகும். நான் தலையாட்டினேன். பாமா என்னை முறைத்தாள்.)

5
முடிவு அ: அவன் தாண்டி விடுகிறான், ஐம்பது அடி… பார்த்தீர்களா, என் கையை நம்ப முடியாது.

முடிவு ஆ: ‘பாமா அழுதாள், அவன் மனம் மாறி…’ பாமா அழுகிற ஆள் இல்லை.

6
இன்று ஞாயிறு. பந்தயத்துக்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓடுபாதை முழுக்க வெறுங்காலால் நடந்து மண்ணைப் பார்ப்பது ஜம்புவின் பழைய வழக்கம். இப்போது நடந்துகொண்டிருக்கிறான். மேட்டின் உச்சிக்கு வந்து நின்றுவிட்டான். பள்ளத்தைப் பார்க்கிறான். அவன் பைக் கீழே, கொடிக்காரர் பக்கத்தில்.

இதற்குமேல் நான் தொட்டால் எருமை வந்துவிடும். நீங்கள் எழுதுங்கள். இருபத்திரண்டு அடி; ஓர் அங்குலம் கூட்டாதீர்கள். முழங்காலில் தகடு இருக்கிறது.

அப்புறம், வேலியோரம் பாமா நிற்கிறாள். அவன் செருப்பு இரண்டும் அவள் கையில் இருக்கிறது.