பவுனம்மா கேசு

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. அலை இரைச்சலில் கிழவி குரல் தூரத்துக்குக் கேட்காது. சாவு வீட்டுக்குப் பையோடு வந்த ஒரு டாக்டர் கதை சொல்கிறேன். பயப்படாமல் கேளுங்கள்.

ராயபுரம் குப்பத்தில் மீன்காரி பவுனம்மாள் விடியற்காலையில் கண்ணை மூடினாள். குடிசைக்கு முன்னால் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மகள் சிவந்தி தாயின் தாடையைத் துணியால் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, டோல்கேட் பக்கமிருந்து ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. இறங்கியவர் டாக்டர் தாமோதரன். கையில் கறுப்புத் தோல் பை.

"மோப்பம் புடிச்சிகினு வந்துட்டான் பாரு" என்றான் கோதண்டம், பவுனம்மாளின் தம்பி.

பவுனம்மாளுக்கு மேலண்ணத்தில் ஆறாத புண் வந்தபோது, ஆஸ்பத்திரியில் இந்த டாக்டர்தான் அதிலிருந்து உளுந்தளவு சதையைக் கிள்ளி எடுத்தார். அது சீசாவில் அடைபட்டுச் சீமைக்குக் கப்பலேறியதாகக் குப்பத்தில் பேச்சு. கிள்ளியதால்தான் புண் பரவிற்று என்று சிவந்தி நினைத்தாள். அதன்பின் அவர் எத்தனை முறை வந்தும் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். இன்றைக்குச் சாத்த முடியாது. சாவுக்கு வந்தவரை யார் தடுப்பது?

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பவுனம்மாளின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். சிவந்திக்கு அதுவே உறுத்திற்று. காரியமில்லாமல் படித்தவர் எதற்கு மீன்காரி காலைத் தொடுகிறார்?

"பையில இன்னா கீது? தொறந்து காட்டு" என்றாள்.

திறந்தார். கத்தரி, சின்னக் கத்தி, பஞ்சு, மூடி போட்ட காலிச் சீசா ஒன்று.

"பாத்தியா மாமு! எங்கம்மாவ ஊறுகா போட வந்துகீறாரு."

டாக்டர் மழுப்பவில்லை. "ஆமாம்மா, கேக்கத்தான் வந்தேன். உங்கம்மா கேஸைப் பத்தி நாலஞ்சு பேப்பர் எழுதியிருக்கேன். கல்கத்தாவுல வந்துது, சீமையிலயும் வந்துது. எங்கெங்கியோ படிக்கிறாங்க."

கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். "கேசா? எங்கக்கா யார் வூட்ல திருடினா? செத்த பொறவும் பேப்பர்ல போட்டு நாறடிக்கிறியா?"

"கேசு போட்டா பொணத்தையே கோர்ட்டுக்கு இட்டுகினு பூடுவாங்களாமே" என்று பக்கத்துக் குடிசை ராஜாத்தி மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, அந்தக் கேஸ் இல்லைங்க! நோயாளியை நாங்க கேஸ்னு சொல்லுவோம். பேப்பர்னா, டாக்டருங்க படிக்க டாக்டருங்க எழுதுறது."

"அதுல எங்கம்மா பேரு போட்டியா?" என்றாள் சிவந்தி.

"நோயாளி பேரு போட மாட்டோம்மா. மீன் விக்கிற பொம்பளை, அம்பது வயசு. அவ்வளவுதான்."

"உம் பேரு?"

"போடுவாங்க."

"அதானே பாத்தேன்."

அந்தக் காலத்தில் குப்பத்துப் பெண்கள் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். தலையில் கூடையோடு நடக்கையில் கடல்காற்று அணைத்துவிடாதல்லவா? பவுனம்மாள் அப்படித்தான். சிவந்தியும் அப்படித்தான்.

"அந்த நெருப்புதான் புண்ணுக்குக் காரணம்னு எழுதினேன்" என்றார் டாக்டர். "சீமையில என் பேரை எடுத்து எழுதுறவங்க பாதிப் பேர், இவன் சொல்றது தப்பு, வெத்தலையால வந்ததுன்னுதான் எழுதுறாங்க. வெத்தலை அடங்குறது கன்னத்துல. நெருப்பு நிக்கிறது அண்ணத்துல. உங்கம்மா கன்னம் உள்பக்கம் கடைசிவரைக்கும் சுத்தமா இருந்துதுன்னு பாத்துட்டா அவங்க வாய் மூடிடும்."

"அவங்க வாய மூட எங்கம்மா வாயத் தொறக்கணுமா?"

டாக்டர் காலிச் சீசாவைப் பைக்குள் தள்ளினார்.

"ஏற்கெனவே ஒரு துண்டு கொறையுது. மிச்சமாச்சும் முழுசா மண்ணுக்குப் போவட்டும். கத்தி படக் கூடாது. எடத்தக் காலி பண்ணு."

டாக்டர் பையை மூடிக்கொண்டு வேலியோரம் போய் நின்றார். போகவில்லை.

சிவந்தி குடிசைக்குப் பின்னால் போனாள். மடியிலிருந்த சுருட்டைப் பற்றவைத்து, பழக்கத்தில் நெருப்பை உள்ளே திருப்பினாள். சூடு மேலே ஏறியது. நாக்கு தானாக அண்ணத்தைத் தடவிற்று. அங்கே சொரசொரவென்று ஒரு இடம். கொஞ்ச நாளாகவே இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. சுருட்டை எடுத்து மணலில் குத்தினாள். அவர் இன்னும் நிற்கிறாரா என்று வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நின்றார்.

வாய்க்கரிசி நேரம் வந்தது. சிவந்திதான் தாடைக்கட்டைத் தளர்த்தினாள். வாய் லேசாகத் திறந்துகொண்டது. பெண்கள் ஒவ்வொருவராகப் போட்டு முடித்தார்கள்.

"டாக்டரே, நீயும் வந்து போடு. பை அங்கியே கெடக்கட்டும்."

"இன்னாமே, புத்தி கெட்டுப் பூட்சா ஒனக்கு?" என்று கோதண்டம் குறுக்கே வந்தான்.

"சாவுக்கு வந்தவரு மாமு. போட்டுட்டுப் போவட்டும்."

டாக்டரின் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டச் சொன்னாள். திருப்பியும் காட்டச் சொன்னாள். பிறகுதான் அரிசியைக் கொடுத்தாள். அவர் குனிந்தார். அரிசி விழுந்தது. விழுந்த பிறகும் அவர் நிமிரவில்லை, கன்னத்தின் உள்பக்கத்தைப் பார்க்கக் குனிந்தபடியே நின்றார்.

சிவந்தியின் நிழல் தாயின் முகத்தில் விழுந்திருந்தது. அவர் விரல்களின் மேலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவள் ஓரடி தள்ளி நின்றாள். காலை வெயில் பவுனம்மாளின் வாய்க்குள் இறங்கிற்று.

பொறுமையாய்க் கேட்டீர்களே, என் கண்ணுங்களா, உங்கள் வீட்டில் எல்லோரும் வாயாரப் பேசி, வயிறாரச் சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.